லேஸி லோடிங் மக்கர் பண்ணுதா? அறிகுறிய வச்சு சரி பண்ற வழி

லேஸி லோடிங்னா, ஒரு ஆப்ஜெக்ட்ட டேட்டாபேஸ்ல இருந்து எடுக்கறப்போ அதோட ஒட்டியிருக்கற மத்ததெல்லாம் உடனே எடுக்காம, யாராவது தொடறப்போ மட்டும் போய் எடுக்கறது. அது மக்கர் பண்ற இந்தப் பிரச்னைய எத்தன தடவ சரி பண்ணிருப்பேன்னு எனக்கே கணக்கு இல்ல. டீம்ல புதுசா யாராவது சேர்ந்தா ரெண்டாவது வாரமே "அண்ணா, நோ செஷன்னு வருதுண்ணா"ன்னு ஒரு ஸ்க்ரீன்ஷாட் வந்துடும், நானும் அதே பத்து கேள்விய திரும்பக் கேப்பேன். வாயால சொல்லி அலுத்துப் போய்தான் இத எழுதி வைக்கிறேன். தியரி எதுவும் கிடையாது. உங்களுக்கு என்ன தெரியுதோ அந்தத் தலைப்புக்கு நேரா போங்க, மேல இருந்து வரிசையா செக் பண்ணிட்டே வாங்க, முதல்ல இருக்கறது அஞ்சு நிமிஷ வேல, கீழ போகப் போக டிசைன்லயே கை வைக்கற வேல.

நான் அதிகமா மல்லுக்கட்டுறது ஜாவாவுல ஹைபர்நேட் (டேபிள் வரிய ஆப்ஜெக்ட்டா மாத்தித் தர்ற லைப்ரரி) கூடதான், அதனால அதுதான் நிறைய வரும். பைத்தான், டாட்நெட் ஆளுங்களுக்கும் தனித் தலைப்பு இருக்கு. உதாரணத்துக்கு எல்லா இடத்துலயும் ஒரே கதைதான்: ஒரு ஆர்டர், அதுக்குள்ள ஐட்டம்ஸ்னு ஒரு லிஸ்ட், அந்த ஆர்டரப் போட்ட ஒரு கஸ்டமர்.

## எதுல கை வைக்கறதுக்கும் முன்னாடி

ரெண்டே வேல. ஒண்ணு, எஸ்க்யூஎல் லாக் ஆன் பண்ணுங்க. ஹைபர்நேட்ல ஷோ எஸ்க்யூஎல்னு ஒரு செட்டிங் இருக்கு, அது கன்சோல்ல சும்மா கொட்டும், அதுக்கு பதிலா ஆர்க் டாட் ஹைபர்நேட் டாட் எஸ்க்யூஎல் லாகர டீபக் லெவலுக்கு மாத்துங்க, அப்பதான் நேரமும் த்ரெட் பேரும் சேர்ந்து வரும், பின்னாடி அது உதவும். பைத்தானோட எஸ்க்யூஎல்ஆல்கெமில எஞ்சின் உருவாக்கற இடத்துல எக்கோ ட்ரூ. டாட்நெட்டோட என்டிட்டி ஃப்ரேம்வொர்க் கோர்ல லாக் டுன்னு ஒரு மெத்தட்.

ரெண்டாவது, ஸ்டாக் ட்ரேஸ்ல உங்க சொந்த பேக்கேஜ் பேர் வர்ற முதல் வரியத் தேடுங்க. மேல இருக்கற முப்பது வரி லைப்ரரி சமாச்சாரம், அதப் படிச்சு ஒண்ணும் ஆகப் போறதில்ல. அந்த ஒரு வரிதான் லேஸி ஃபீல்ட யார் தொட்டதுன்னு சொல்லும். நிறையப் பேர் இதப் பாக்காம எடுத்தவுடனே என்டிட்டி கிளாஸ (டேபிளுக்கு ஜோடியா இருக்கற கிளாஸ்) தொறந்து லேஸிய ஈகர்னு (எல்லாத்தையும் உடனே எடுக்கறது) மாத்திடறாங்க, எர்ரரும் போயிடும், மூணு மாசம் கழிச்சு "ஆப் ஏன் இவ்ளோ ஸ்லோ"ன்னு வேற ஒருத்தர் உக்காந்து தேடுவாரு.

## அறிகுறி: "குட் நாட் இனிஷியலைஸ் ப்ராக்ஸி - நோ செஷன்"

லேஸி இனிஷியலைசேஷன் எக்ஸெப்ஷன். செஷன், அதாவது டேட்டாபேஸோட பேசறதுக்குன்னு தொறந்து வைக்கற தற்காலிகத் தொடர்பு, மூடியாச்சு, அப்புறம் யாரோ ஆர்டருக்குள்ள கைய விட்டு ஐட்டம்ஸ் கேக்கறாங்க, அவ்ளோதான் சங்கதி. யாரு, எங்கேங்கறதுதான் கேள்வி.

### அந்த வரி ஒரு லாக் ஸ்டேட்மென்ட்டா இருந்தா

சிரிக்காதீங்க, இது நிறைய நடக்குது. "ஆர்டர் சேவ் ஆச்சு"ன்னு லாக் எழுதறப்போ ஆர்டர் ஆப்ஜெக்ட்ட அப்டியே உள்ள போட்டிருப்பாங்க, அது டுஸ்ட்ரிங்கக் கூப்பிடும், டுஸ்ட்ரிங் ஐட்டம்ஸத் தொடும். லோம்போக்ல டேட்டா அனோட்டேஷன் போட்டிருந்தா டுஸ்ட்ரிங், ஈக்வல்ஸ், ஹேஷ்கோட் மூணும் எல்லா ஃபீல்டையும் சேர்த்தேதான் தானா உருவாகும். என்டிட்டி கிளாஸ்ல அத எடுத்துட்டு கெட்டர், செட்டர் மட்டும் வச்சுக்கோங்க, டுஸ்ட்ரிங் வேணும்னா ரிலேஷன் ஃபீல்டுக்கு எக்ஸ்க்ளூட் போடுங்க. லாக்ல ஐடி மட்டும் எழுதுங்க. வேல முடிஞ்சது.

### சர்வீஸ் மெத்தட்டுக்குள்ளயே எர்ரர் வந்தா

டிரான்சாக்ஷனல் அனோட்டேஷன் இருக்கான்னு பாருங்க. இல்லன்னா போடுங்க. "இருக்கே, ஆனாலும் வருதே"ன்னா மூணு இடத்துல தேடணும். மெத்தட் ப்ரைவேட்டா இருக்கா? அதே கிளாஸ்ல இருக்கற இன்னொரு மெத்தட் இதக் கூப்பிடுதா? இல்ல அந்த ஆப்ஜெக்ட்ட நீங்களே நியூ போட்டு உருவாக்கிட்டீங்களா? இந்த மூணுலயும் ஸ்ப்ரிங்கோட ப்ராக்ஸி (உங்க கிளாஸுக்கு முன்னாடி நிக்கற டூப்பு ஆப்ஜெக்ட்) வழியா கால் போகாது, அனோட்டேஷன் சும்மா அலங்காரத்துக்கு நிக்கும்.

சந்தேகமா இருந்தா மெத்தட்டோட முதல் வரில டிரான்சாக்ஷன் சிங்க்ரனைசேஷன் மேனேஜர்கிட்ட இஸ் ஆக்சுவல் டிரான்சாக்ஷன் ஆக்டிவ்னு கேட்டு பிரின்ட் பண்ணிப் பாருங்க. ஃபால்ஸ்னு வந்தா இந்தத் தலைப்புலயே நில்லுங்க, உள் மெத்தட்ட வேற கிளாஸுக்கு நகர்த்துங்க. ட்ரூன்னு வந்தும் எர்ரர்னா, கையில இருக்கற ஆர்டர் வேற எங்கயோ பழைய செஷன்ல எடுத்தது, அத பாராமீட்டரா தூக்கிட்டு வந்திருக்கீங்க. ஐடிய வச்சு இங்கயே திரும்ப எடுங்க.

### சர்வீஸ் தாண்டி, கன்ட்ரோலர்லயோ டெம்ப்ளேட்லயோ வந்தா

இதுதான் நிஜமான கேஸ், பாதிக்கு மேல இதுலதான் வந்து நிக்கும். டிரான்சாக்ஷன் சர்வீஸ்லயே முடிஞ்சு போச்சு, டெம்ப்ளேட் அப்புறமா வந்து ஆர்டரோட ஐட்டம்ஸ் எங்கேன்னு கேக்குது.

சுலபமான வழி, அந்த ஸ்க்ரீனுக்குன்னு தனியா ஒரு ரெபாசிட்டரி மெத்தட் எழுதி ஜாயின் ஃபெட்ச் (ஆர்டரையும் ஐட்டம்ஸையும் ஒரே க்வெரில எடுக்கறது) போடறது. க்வெரி எழுதப் பிடிக்கலன்னா என்டிட்டி கிராஃப் அனோட்டேஷன்ல ஐட்டம்ஸ்னு பேர் கொடுத்தா போதும். ஒரே ஒரு ஆர்டர் பக்கம்னா ஹைபர்நேட் இனிஷியலைஸ்னு ஒரு மெத்தட் இருக்கு, டிரான்சாக்ஷனுக்குள்ள அதக் கூப்பிட்டு விடலாம், ஆனா லிஸ்ட்டுல லூப் போட்டு அதக் கூப்பிடாதீங்க, கீழ ஸ்லோ தலைப்புக்கு நீங்களே டிக்கெட் எடுத்த மாதிரி ஆயிடும். இதெல்லாத்தையும் விட எனக்குப் பிடிச்சது டிடிஓ. ஸ்க்ரீனுக்கு எது வேணுமோ அந்த நாலு காலம மட்டும் க்வெரிலயே எடுத்து ஒரு சாதா கிளாஸ்ல போட்டு வெளிய அனுப்பிட்டா, அதுக்குள்ள லேஸின்னு ஒண்ணே கிடையாது, எர்ரரும் வர வழியில்ல. எழுதறதுக்குக் கொஞ்சம் கடுப்பாதான் இருக்கும்.

### சில நேரம் வருது, சில நேரம் வரல

த்ரெட் பேரப் பாருங்க, அதுக்குத்தான் முதல்லயே லாக மாத்தச் சொன்னேன். க்வெரி ஓடுன த்ரெட்டும் எர்ரர் வந்த த்ரெட்டும் வேற வேறன்னா ஆள் மாட்டிக்கிட்டாரு. ஆர்டர சேவ் பண்ணிட்டு மெயில் அனுப்பற வேலைய அசிங்க் மெத்தட்டுக்கு தள்ளிருப்பீங்க, கூடவே ஆர்டர் ஆப்ஜெக்ட்டையும் கொடுத்திருப்பீங்க. மெயில் த்ரெட் ஐட்டம்ஸ் கேக்கறப்போ முதல் த்ரெட்டோட டிரான்சாக்ஷன் இன்னும் முடியலன்னா தப்பிச்சிரும், முடிஞ்சிருந்தா உதை. தப்பிச்சாலும் சந்தோஷப்பட ஒண்ணும் இல்ல, செஷன் ஒரு நேரத்துல ஒரு த்ரெட்டுக்குத்தான், ரெண்டு பேர் சேர்ந்து தொட்டா இன்னும் விநோதமான எர்ரர் எல்லாம் வரும். பேரலல் ஸ்ட்ரீமுக்கும் இதே கதிதான்.

ஐடிய மட்டும் கொடுங்க. அந்தப் பக்கம் அவங்களே தனி டிரான்சாக்ஷன்ல எடுத்துக்கட்டும். ஒண்ணு கவனம், முதல் டிரான்சாக்ஷன் கமிட் ஆகறதுக்கு முன்னாடியே அந்த த்ரெட் ஓடிட்டா அந்த ஐடில ஆர்டரே இல்லன்னு சொல்லும், அதனால கமிட்டுக்கு அப்புறம் ஓடற மாதிரி டிரான்சாக்ஷனல் ஈவன்ட் லிசனர் வச்சுக்கோங்க.

### கேஷ்ல இருந்து எடுத்தா மட்டும் வருது

என்டிட்டிய அப்டியே ரெடிஸ்லயோ ஹெச்டிடிபி செஷன்லயோ போட்டு வச்சிருக்கீங்க. திரும்ப எடுக்கறப்போ அதுக்கும் எந்த செஷனுக்கும் ஒட்டு உறவு கிடையாது. டிடிஓவ கேஷ் பண்ணுங்க. வேற குறுக்கு வழி நான் பாக்கல.

### இந்த மூணும் மருந்து கிடையாது

ஈகர்னு மாத்தறது பத்தி சொல்லியாச்சு. ரெண்டாவது, எனேபிள் லேஸி லோட் நோ டிரான்ஸ்னு ஒரு ஹைபர்நேட் செட்டிங், நெட்ல தேடினா முதல்ல கண்ணுல படறது அதுதான். ட்ரூன்னு போட்டவுடனே எர்ரர் மாயமா போயிடும், ஆனா ஒவ்வொரு லேஸி தொடுதலுக்கும் தற்காலிகமா ஒரு புது செஷன் தொறந்து மூடுது, லோடு ஏறினா கனெக்ஷன் பூல் காலி.

மூணாவது ஓப்பன் இன் வியூ. ஸ்ப்ரிங் பூட்ல இது தானாவே ஆன்லதான் இருக்கு, 2.0ல இருந்து ஆப் ஸ்டார்ட் ஆகறப்போ அதப் பத்தி ஒரு வார்னிங்கும் போடுது, யாரும் படிக்கறதில்ல. வெப் ரிக்வெஸ்ட் முழுக்க செஷனத் தொறந்து வைக்கறதால கன்ட்ரோலர்ல எர்ரர் வராது. அதே சர்வீஸ் மெத்தட்ட ஒரு ஷெட்யூல்ட் ஜாப்லயோ மெசேஜ் லிசனர்லயோ கூப்பிட்டுப் பாருங்க, அங்க வெப் ரிக்வெஸ்ட் இல்ல, உடனே நோ செஷன். "ஸ்க்ரீன்ல வேல செய்யுது, நைட் ஜாப்ல மட்டும் விழுது"ன்னு யாராவது சொன்னா நான் கேக்கற முதல் கேள்வி இதுதான்.

## அறிகுறி: டெஸ்ட்ல பாஸ், ப்ரொடக்ஷன்ல ஃபெயில்

டெஸ்ட் கிளாஸ் மேல டிரான்சாக்ஷனல் இருக்கா பாருங்க. டேட்டா ஜேபிஏ டெஸ்ட் போட்டிருந்தா அது தானாவே உள்ள வந்துடும். டெஸ்ட் மெத்தட் முழுக்க செஷன் தொறந்தே இருக்கும், அப்புறம் எங்கிருந்து எர்ரர் வரும். டெஸ்ட்ல இருந்து அத எடுங்க, இல்லன்னா சர்வீஸக் கூப்பிட்டு முடிச்சதும் என்டிட்டி மேனேஜர்ல ஃப்ளஷ், க்ளியர் ரெண்டும் பண்ணிட்டு அப்புறம் ஐட்டம்ஸத் தொடுங்க, எர்ரர் டெஸ்ட்லயே வந்து நிக்கும்.

இதோட ஒண்ணுவிட்ட தம்பி இருக்கான்: டீபகர்ல ஓட்டினா வேல செய்யுது, சும்மா ஓட்டினா ஃபெயில். ஒரு ராத்திரி முழுக்க இதுல போச்சு எனக்கு. சர்வீஸுக்குள்ள ப்ரேக்பாயின்ட் வச்சு நிறுத்துவேன், ஆர்டர விரிச்சு ஐட்டம்ஸ்ல மூணு வரி இருக்கறத கண்ணால பாப்பேன், அப்புறம் ரெஸ்யூம் பண்ணா பக்கம் அழகா வரும், ப்ரேக்பாயின்ட்ட எடுத்தா எர்ரர். விடியறப்போதான் உறைச்சுது: ஐடிஇல வேரியபிள விரிச்சுப் பாக்கறப்போ அதுவே ஐட்டம்ஸத் தொட்டு, செஷன் தொறந்திருக்கறப்பவே லோடு பண்ணி வச்சிருது. நான் பாத்ததாலதான் வேல செஞ்சிருக்கு. அதுல இருந்து லேஸி பிரச்னைக்கு டீபகர் விண்டோவ நம்பறதில்ல, எஸ்க்யூஎல் லாக் மட்டும்தான்.

## அறிகுறி: பைத்தான்ல "இஸ் நாட் பவுண்ட் டு எ செஷன்"

எஸ்க்யூஎல்ஆல்கெமியோட டிடாச்ட் இன்ஸ்டன்ஸ் எர்ரர். மெசேஜ முழுசாப் படிங்க, ரெண்டு விதமா வரும். "லேஸி லோட் ஆபரேஷன்"னு இருந்தா மேல சொன்ன அதே கதைதான், வித் ப்ளாக்குக்கு வெளிய வந்து ஐட்டம்ஸத் தொட்டிருக்கீங்க, க்வெரில செலக்ட்இன்லோட் (ஐட்டம்ஸ முன்னாடியே எடுத்து வைக்கற ஆப்ஷன்) போடுங்க, கஸ்டமர் மாதிரி ஒத்த ஆள்னா ஜாயின்ட்லோட் போதும்.

"அட்ரிப்யூட் ரெஃப்ரெஷ் ஆபரேஷன்"னு இருந்தா அது வேற. ரிலேஷன் எதையும் தொடாம சாதா காலம் ஒண்ணப் படிச்சதுக்கே உதை விழுந்திருக்கும், ஆளுங்க கொழம்பிப் போறது இங்கதான். கமிட் பண்ணினவுடனே எல்லா அட்ரிப்யூட்டும் காலாவதி ஆகறதுதான் இங்க டீஃபால்ட், அடுத்த தடவ தொட்டா திரும்ப டேட்டாபேஸுக்குப் போகும், செஷன் மூடியிருந்தா போக முடியாது. செஷன் மேக்கர்ல எக்ஸ்பயர் ஆன் கமிட் ஃபால்ஸ் போடலாம், இல்ல மூடறதுக்கு முன்னாடியே தேவையானத எடுத்து வச்சுக்கலாம்.

அசிங்க் பக்கம் போனவங்களுக்கு "க்ரீன்லெட் ஸ்பான் ஹேஸ் நாட் பீன் கால்ட்"னு வாயில நுழையாத ஒரு எர்ரர் வரும். மிஸ்ஸிங் க்ரீன்லெட். பேரப் பாத்து பேக்கேஜ் இன்ஸ்டால் ஆகலன்னு நெனச்சு பிப் இன்ஸ்டால் ஓட்டாதீங்க, பொதுவா இங்க அதுவும் லேஸி லோடிங்தான். அவெய்ட் இல்லாத இடத்துல, அதாவது வெறும் புள்ளி வச்சு அட்ரிப்யூட் கேக்கற இடத்துல, அது டேட்டாபேஸுக்குப் போகப் பாத்திருக்கு. ஃபாஸ்ட்ஏபிஐல ரெஸ்பான்ஸ் மாடல்ல ஐட்டம்ஸ்னு ஒரு ஃபீல்ட் இருந்தாலே பைடான்டிக் அதப் போய்த் தொடும், உங்க கோடுல தேடினா அந்த வரியே கிடைக்காது. தீர்வு திரும்பவும் செலக்ட்இன்லோட், கூடவே எக்ஸ்பயர் ஆன் கமிட் ஃபால்ஸ். அசிங்க்ல இது ரெண்டும் ஆரம்பத்துலயே இருக்கறது நல்லது.

ஜாங்கோ ஆளுங்களுக்கு இந்த செஷன் தலைவலியே கிடையாது, அசிங்க் வியூல மட்டும் சிங்க்ரனஸ் ஒன்லி ஆபரேஷன்னு வரும், செலக்ட் ரிலேட்டட் இல்லன்னா ப்ரீஃபெட்ச் ரிலேட்டட் போட்டு முன்னாடியே எடுத்துட்டா போயிடும். உங்க நிஜப் பிரச்னை கீழ ஸ்லோ தலைப்புல இருக்கு.

## அறிகுறி: டாட்நெட்ல நல், டிஸ்போஸ்ட், டேட்டா ரீடர்

ஆர்டர் டாட் கஸ்டமர் நல்லுன்னு வந்தா முதல்ல லேஸி லோடிங் ஆன்ல இருக்கான்னு பாருங்க. என்டிட்டி ஃப்ரேம்வொர்க் கோர்ல அது 2.1 வெர்ஷன்லதான் வந்துச்சு, அதுவும் தானா வராது: ப்ராக்ஸிஸ் பேக்கேஜ் சேர்க்கணும், யூஸ் லேஸி லோடிங் ப்ராக்ஸிஸ் கூப்பிடணும், நேவிகேஷன் ப்ராப்பர்ட்டி எல்லாம் வர்ச்சுவலா இருக்கணும். பழைய இஎஃப்ல இருந்து வந்தவங்க "முன்னாடி தானா வந்துச்சே"ன்னு முழிக்கறது இதனாலதான். என் கேட்டா ஆன் பண்ணாதீங்க, இன்க்ளூட் எழுதுங்க.

லேஸி லோட் ஆன் டிஸ்போஸ்ட் கான்டெக்ஸ்ட் வார்னிங்னு வந்தா அது இங்க இருக்கற நோ செஷன், மேல ஹைபர்நேட்டுக்கு சொன்னது எல்லாம் பொருந்தும். ஆஸ் நோ ட்ராக்கிங் போட்ட க்வெரில லேஸி வேல செய்யலன்னா வெர்ஷனப் பாருங்க, 8க்கு முன்னாடி அது கிடையாது. "தேர் இஸ் ஆல்ரெடி அன் ஓப்பன் டேட்டா ரீடர்"னு வந்தா ஃபார்ஈச் ஓடிட்டிருக்கறப்போ உள்ள லேஸி ஃபீல்டத் தொட்டிருக்கீங்க, ஒரு க்வெரி முடியறதுக்குள்ள இன்னொண்ணு. மார்ஸ் (ஒரே கனெக்ஷன்ல பல க்வெரி ஓட விடற செட்டிங்) ஆன் பண்ணு, டுலிஸ்ட் போடுன்னு சொல்வாங்க, ரெண்டும் எர்ரர நிறுத்தும், ஆனா லூப்புக்குள்ள க்வெரி ஓடறது நிக்காது.

## அறிகுறி: எர்ரர் ஒண்ணும் இல்ல, ஆனா ஆமை வேகம்

எர்ரர் வந்தா கூட பரவால்ல, சத்தமாச்சும் போடும். இது சத்தமே இல்லாம ஆளத் தின்னும். லாக்ல இப்டி இருக்கும்: ஆர்டர் டேபிள்ல இருந்து ஒரு செலக்ட், அப்புறம் ஐட்டம் டேபிள்ல இருந்து ஆர்டர் ஐடி ஈக்வல்ஸ் கேள்விக்குறின்னு ஒரு செலக்ட், அதே வரி திரும்ப, திரும்ப, ஸ்க்ரோல் பண்ணா அடங்காது. 100 ஆர்டர் காட்டுற பக்கத்துக்கு 101 க்வெரி, கஸ்டமர் பேரும் காட்டினா, ஒவ்வொரு ஆர்டரும் வேற வேற ஆளோடதுன்னா, 201. ஒரு தடவ போய்ட்டு வர 2 மில்லிசெகண்ட்னு வச்சாலும் 400 மில்லிசெகண்ட் சும்மா வழியிலயே போச்சு. உங்க மெஷின்ல டேட்டாபேஸும் பக்கத்துலயே, ஆர்டரும் அஞ்சே அஞ்சு, அதனால தெரியவே தெரியாது.

கண்ணால எண்ண வேணாம், ஹைபர்நேட்ல ஜெனரேட் ஸ்டாடிஸ்டிக்ஸ் ஆன் பண்ணா ஒரு செஷனுக்கு எத்தன ஸ்டேட்மென்ட்னு அதுவே சொல்லும், ஜாங்கோல டீபக் டூல்பார் இருக்கு, ரெயில்ஸ்ல புல்லட் ஜெம்.

சரி பண்ற வரிசை: ரொம்ப மலிவு ஹைபர்நேட்டோட டீஃபால்ட் பேட்ச் ஃபெட்ச் சைஸ். ஒரே ஒரு கான்ஃபிக் வரி, 25ன்னு வச்சா அந்த 100 ஆர்டரோட ஐட்டம்ஸ் நாலு க்வெரில வந்துடும், மொத்தம் 5, கோடுல ஒரு எழுத்து மாறல. பழைய ப்ராஜெக்ட் கைக்கு வந்தா நான் முதல் நாளே போடறது இது. அதுக்கு அடுத்து அந்தந்த ஸ்க்ரீனுக்கு ஜாயின் ஃபெட்ச் இல்ல என்டிட்டி கிராஃப். அதுக்கும் அடுத்து டிடிஓ.

யாருமே தொடாத கஸ்டமருக்கு க்வெரி ஓடுதுன்னா மேப்பிங்கப் பாருங்க. ஜேபிஏல மெனி-டு-ஒன், ஒன்-டு-ஒன் ரெண்டும் எதுவும் எழுதலன்னா ஈகர், ஒன்-டு-மெனி, மெனி-டு-மெனி லேஸி. க்வெரி மொழில "எல்லா ஆர்டரும் கொடு"ன்னு கேட்டா முதல்ல ஆர்டர எடுத்துட்டு அப்புறம் ஈகர் கஸ்டமர ஒவ்வொருத்தரா போய்த் தேடும். மெனி-டு-ஒன் எல்லாத்துலயும் லேஸின்னு கையால எழுதிடுங்க.

ஜாங்கோல ப்ரீஃபெட்ச் போட்டும் குறையலன்னா, லூப்புக்குள்ள ஆல் கூப்பிடறீங்களா ஃபில்டர் கூப்பிடறீங்களா பாருங்க. ஃபில்டர்னா எடுத்து வச்சத தூக்கிப் போட்டுட்டு புதுசா க்வெரி ஓட்டும்.

சரி பண்ணிட்டா திரும்ப வராம பூட்டிடுங்க. ஜாங்கோ டெஸ்ட்ல அசெர்ட் நம் க்வெரிஸ், எஸ்க்யூஎல்ஆல்கெமில ரெய்ஸ்லோட், ரெயில்ஸ் 6.1ல இருந்து ஸ்ட்ரிக்ட் லோடிங், லாரவெல்ல ப்ரிவென்ட் லேஸி லோடிங். லாரவெல்காரங்க அத ப்ரொடக்ஷன்ல ஆஃப்ல வைங்க, கஸ்டமர் முன்னாடி எக்ஸெப்ஷன் அடிக்க வேணாம்.

## அறிகுறி: ஜேஸான் சுத்திக்கிட்டே இருக்கு, இல்ல "நோ சீரியலைசர் ஃபவுண்ட்"

ரெண்டும் என்டிட்டிய நேரா ஏபிஐ வழியா வெளிய அனுப்பறதால வர்றது. ஆர்டருக்குள்ள ஐட்டம், ஐட்டத்துக்குள்ள ஆர்டர், அதுக்குள்ள திரும்ப ஐட்டம்னு போயி ஸ்டாக் ஓவர்ஃப்ளோ. அவசரத்துக்கு ஒரு பக்கம் ஜேஸான் இக்னோர் போடலாம், இல்ல மேனேஜ்ட் ரெஃபரன்ஸ், பேக் ரெஃபரன்ஸ் ஜோடி. பைட்பட்டி இன்டர்செப்டருக்கு சீரியலைசர் இல்லன்னு புலம்பினா ஜாக்சன் நிஜ கஸ்டமருக்கு பதிலா ப்ராக்ஸியோட வயித்தக் கிழிச்சுப் பாக்குது, ஜாக்சனுக்குன்னு ஹைபர்நேட் மாட்யூல் இருக்கு, அது தொடாத லேஸி ஃபீல்ட நல்னு எழுதிடும். ரெண்டு தடவைக்கு மேல இக்னோர் போட்டாச்சுன்னா மூணாவதுக்கு டிடிஓ எழுதிடுங்க, நாலாவது ஸ்க்ரீனுக்கு அதே ஃபீல்ட் கண்டிப்பா வேணும்னு கேப்பாங்க.

## அறிகுறி: ஜாயின் ஃபெட்ச் போட்டேன், இப்ப வேற மாதிரி வருது

"கேனாட் சைமல்டேனியஸ்லி ஃபெட்ச் மல்டிபிள் பேக்ஸ்"னு வந்தா ரெண்டு லிஸ்ட்ட ஒரே க்வெரில இழுத்திருக்கீங்க. லிஸ்ட்ட செட்டா மாத்தினா எர்ரர் போகும், பிரச்னை போகாது. ஒரு ஆர்டர்ல 20 ஐட்டம், 10 பேமென்ட்னா டேட்டாபேஸ்ல இருந்து 30 வரி வராது, 200 வரி வரும். ஒரு லிஸ்ட்டுக்கு ஒரு க்வெரின்னு பிரிச்சு, ஒரே டிரான்சாக்ஷனுக்குள்ள ரெண்டையும் ஓட்டுங்க, ஹைபர்நேட்டே அதே ஆர்டர் ஆப்ஜெக்ட்ல சேர்த்துடும். என்டிட்டி ஃப்ரேம்வொர்க் கோர் 5ல இருந்து ஆஸ் ஸ்ப்ளிட் க்வெரின்னு இதுக்கே வச்சிருக்காங்க.

ஒரே ஆர்டர் நாலு தடவ வருதுன்னா ஹைபர்நேட் 5, டிஸ்டிங்க்ட் போடுங்க, 6ல அதுவே பாத்துக்கும்.

பேஜ் போட்ட லிஸ்ட்ல மெமரி எகிறுதுன்னா லாக்ல ஹெச்ஹெச்ஹெச்000104ன்னு தேடுங்க, 6ல நம்பர் 90003004. "அப்ளையிங் இன் மெமரி"ன்னு அப்பாவியா ஒரு வார்னிங் இருக்கும், அர்த்தம் என்னன்னா 20 வரி காட்ட மொத்த டேபிளையும் மெமரிக்கு இழுத்துட்டு அங்க வெட்டுது. முதல்ல 20 ஐடி மட்டும் பேஜ் போட்டு எடுங்க, அப்புறம் அந்த ஐடிங்களுக்கு ஜாயின் ஃபெட்ச். ஃபெயில் ஆன் பேஜினேஷன் ஓவர் கலெக்ஷன் ஃபெட்ச்னு ஒரு செட்டிங் இருக்கு, பேர் நீளம்தான், ட்ரூ போட்டா வார்னிங்குக்கு பதிலா எக்ஸெப்ஷனே அடிச்சிடும்.

## அறிகுறி: லேஸின்னு எழுதியும் லேஸியா இல்ல

கோட்லின்னா முதல்ல ஆல் ஓப்பன் ப்ளகின். கோட்லின் கிளாஸ் எல்லாம் டீஃபால்ட்டா ஃபைனல், ஃபைனல் கிளாஸுக்கு ப்ராக்ஸி போட முடியாது, ஹைபர்நேட் பேசாம நேரா எடுத்துட்டு வந்துடும். ஸ்ப்ரிங் ப்ளகின் இருக்கேன்னு விட்டுடாதீங்க, அது என்டிட்டியத் தொடறதில்ல, என்டிட்டி, மேப்ட் சூப்பர்கிளாஸ், எம்பெடபிள் மூணையும் நீங்கதான் சேர்க்கணும்.

ஜாவாவுல ஒன்-டு-ஒன்னா? ஃபாரின் கீ இல்லாத பக்கம், அதாவது மேப்ட் பை எழுதுன பக்கம் லேஸி எடுபடாது. அந்தப் பக்கம் ஆள் இருக்கா இல்லையான்னே அதுக்குத் தெரியாது, ப்ராக்ஸி வைக்கறதா நல் வைக்கறதான்னு முடிவு பண்ணவே ஒரு க்வெரி போட்டாகணும். அந்த ஃபீல்ட் நிஜமா வேணுமான்னு பாருங்க, வேணாம்னா எடுத்துட்டு மேப்ஸ் ஐடி வச்சு ஒரே ஐடில தேடுங்க. வேணும்னா பைட்கோட் என்ஹான்ஸ்மென்ட், அது பில்ட்ல கை வைக்கற வேல.

## அறிகுறி: ஆள் இருக்கான், ஆனா அவன் இல்ல

இன்ஸ்டன்ஸ்ஆஃப் ஃபால்ஸ் சொல்லுது, இல்ல ரெண்டு கஸ்டமருக்கும் ஒரே ஐடி ஆனா ஈக்வல்ஸ் ஃபால்ஸ். கையில இருக்கறது ப்ராக்ஸி, அதாவது நிஜ கஸ்டமருக்கு பதிலா ஹைபர்நேட் வச்ச டூப்பு, கெட் கிளாஸ் கேட்டா அதோட சொந்தப் பேரச் சொல்லும். ஹைபர்நேட் அன்ப்ராக்ஸி போட்டு உள்ள இருக்கறவர வெளிய எடுங்க, ஈக்வல்ஸ்ல கெட் கிளாஸ் ஒப்பீட்ட எடுத்துடுங்க.

"அனேபிள் டு ஃபைண்ட்"னு என்டிட்டி நாட் ஃபவுண்ட் வந்தா டேட்டாவுலயே ஓட்டை. ஆர்டர்ல கஸ்டமர் ஐடி 57ன்னு இருக்கும், கஸ்டமர் டேபிள்ல 57 இருக்காது. நேரா டேட்டாபேஸ்ல ஒரு லெஃப்ட் ஜாயின் போட்டுப் பாருங்க. நாட் ஃபவுண்ட் இக்னோர் அனோட்டேஷன் போட்டு மறைக்கலாம்தான், ஆனா அது அந்த ரிலேஷன ஈகரா ஆக்கிடும்.

## எப்ப நிறுத்திட்டு ஆளக் கூப்பிடணும்

மேல சொன்ன, இல்லாத கஸ்டமர் ஐடிய வச்சிருக்கற அனாதை ஆர்டர் வரிங்கள நீங்களே டெலீட் பண்ணாதீங்க, டிபிஏகிட்ட (டேட்டாபேஸப் பாத்துக்கறவர்) போங்க. ஃபாரின் கீ கன்ஸ்ட்ரெயின்ட் ஏன் இல்ல, யார் எடுத்தா, அந்த ஆர்டர்ங்கள என்ன பண்றதுங்கறது நம்ம முடிவு பண்ற விஷயம் இல்ல.

க்வெரி எண்ணிக்கை 201ல இருந்து 2க்கு வந்தும் பக்கம் ஸ்லோன்னா இது லேஸி லோடிங் பிரச்னை இல்ல, இன்டெக்ஸ் சமாச்சாரம். எக்ஸ்ப்ளெய்ன் எடுத்துக்கிட்டு அதே டிபிஏகிட்ட போங்க.

ப்ரொடக்ஷன்ல கனெக்ஷன் பூலப் பாத்துக்கற ஹிகாரி "கனெக்ஷன் இஸ் நாட் அவைலபிள்"னு 30 செகண்ட் காத்திருந்து காத்திருந்து விழுதுன்னா பூல் சைஸ 10ல இருந்து 100ன்னு ஏத்தற கை தானா வரும், ஏத்தாதீங்க. ஓப்பன் இன் வியூ ஆன்ல இருந்து, கன்ட்ரோலர் நடுவுல வெளி ஏபிஐ எதையாவது கூப்பிட்டு காத்திருக்குதான்னு பாருங்க, அந்த நேரம் முழுக்க ஒரு கனெக்ஷன் கையிலயே மாட்டிக்கிட்டு நிக்கும். கண்டுபிடிக்க முடியலன்னா த்ரெட் டம்ப் எடுத்து சீனியர் யாருக்காவது அனுப்புங்க.

வருஷக்கணக்கா ஓடற ஆப்ல ஓப்பன் இன் வியூவ ஆஃப் பண்ணணும்னு முடிவாச்சுன்னா தனியா பண்ணாதீங்க, ஒரே நாள்ல எல்லா ஸ்க்ரீனும் எர்ரர் அடிக்கும். ஸ்டேஜிங்ல ஆஃப் பண்ணி, டெஸ்டிங் டீம எல்லா ஸ்க்ரீனையும் ஒரு சுத்து தொறக்கச் சொல்லி, வந்த எர்ரர லிஸ்ட் போட்டு, ஆர்கிடெக்ட்டக் கூப்பிட்டு உக்காருங்க. போறப்போ கையில மூணு இருக்கட்டும்: ஒரு ரிக்வெஸ்ட்டோட முழு எஸ்க்யூஎல் லாக், ஸ்டாக் ட்ரேஸ் டெக்ஸ்ட்டா, அந்த என்டிட்டி கிளாஸ். ஸ்டாக் ட்ரேஸ ஃபோன்ல ஃபோட்டோ எடுத்து அனுப்பாதீங்க, எனக்கு வேணும்ங்கற அந்த ஒரு வரி எப்பவுமே ஃபோட்டோவுக்கு வெளியதான் இருக்கு.